கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு ஆள் உண்டா?

எருமப்பட்டியில் இருந்து நாமக்கல் செல்லும் காலைப் பேருந்துகளில் மூன்று வகை ஆட்களைப் பார்க்கலாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் ஒரு வகை. பட்டறைக்கும் கடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகை, சான்றிதழ் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏதாவது ஓர் அலுவலகத்தின் வாசலுக்குப் போகிற பட்டதாரிகள். அந்த மூன்றாவது வகையில் நம் தெருப் பிள்ளைகள் நிறையப் பேர்.

"படிச்சாச்சு, அடுத்து என்ன?" என்று கேட்டால் பதில் வராது. சோம்பேறிகள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கும் தாயும் கட்டட வேலைக்குப் போகும் தகப்பனும் வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்த பிள்ளைகள் அவர்கள். எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்தப் படிப்புக்கு எங்கே வேலை, நேர்காணலில் என்ன கேட்பார்கள், வங்கியில் கடன் கேட்க யாரைப் பார்ப்பது என்பது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. எந்தப் பாடப்புத்தகமும் அவற்றைச் சொல்லித் தருவதில்லை. மற்ற வீடுகளில் அதைச் சித்தப்பா சொல்கிறார், மாமா சொல்கிறார், அப்பாவின் கூட்டாளி சொல்கிறார். நம் வீட்டில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

திருக்குறளில் 40ஆவது அதிகாரம் கல்வி. 41ஆவது கல்லாமை. 42ஆவது கேள்வி. அங்கே கேள்வி என்பதற்கு வினா என்று பொருள் இல்லை. அறிந்தவர் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று பொருள். கல்வியோடு நிறுத்திக்கொள்ளாமல் கேள்விக்கும் தனி அதிகாரம் வைத்தார் வள்ளுவர். நம் மக்களுக்குக் கல்வி மறுக்கப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். கேள்வியும் மறுக்கப்பட்டது, இன்றும் மறுக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

பட்டறையில் படித்த ஊர்

நாமக்கல் மாவட்டத்தின் பெரிய தொழில்களை எண்ணிப் பாருங்கள். லாரிக்கு பாடி கட்டுவது, கோழிப்பண்ணை, திருச்செங்கோட்டில் இருந்து நாடு முழுவதும் போகிற ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிகள், குமாரபாளையத்தின் விசைத்தறி. இவற்றில் எதையும் முதல் தலைமுறை முதலாளிகள் கல்லூரியில் படித்து வரவில்லை. பார்த்துக் கற்றார்கள், கேட்டுக் கற்றார்கள், கூடவே இருந்து கற்றார்கள்.

கண் பார்த்தால் கை செய்யும் என்பார்கள். உண்மைதான். ஆனால் கண் எதைப் பார்க்க விடுகிறார்கள் என்பது யாருடைய பிள்ளை என்பதைப் பொறுத்தது. ரிக் வண்டியில் ஹெல்பராகப் போகிற சொந்தக்காரப் பையன், கொஞ்ச நாளில் கணக்கையும் பார்க்கிறான். டீசல் எவ்வளவு, ஒரு அடிக்கு என்ன ரேட், வண்டிக்கு யாரிடம் கடன் வாங்கலாம் என்பது அவன் காதில் தானாக விழுகிறது. பத்து வருடத்தில் பங்காளிகளோடு சேர்ந்து ஒரு வண்டி வாங்குகிறான். அதே வண்டியில் குழாய் தூக்கப் போன நம் பையன், பத்து வருடம் கழித்தும் குழாய்தான் தூக்குகிறான். விதிவிலக்குகள் உண்டு, அவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதைப் பக்கத்துத் திருப்பூரில் ஆய்வு செய்திருக்கிறார் சரத் சாரி. அவருடைய நூல் 2004இல் வந்தது. கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகத்தின் உழைக்கும் விவசாயிகள் பனியன் கம்பெனிகளுக்குத் தொழிலாளிகளாக வந்து, எப்படி முதலாளிகளாக ஆனார்கள் என்பது அந்த நூலின் கேள்வி. "உழைப்பால் உயர்ந்தோம்" என்பது அவர்கள் சொன்ன பதில். அந்த உழைப்பை ஆய்வாளர் மறுக்கவில்லை. உழைப்போடு கூடவே இருந்த இன்னொன்றையும் அவர் எடுத்துக் காட்டினார். சொந்தமும் சாதியும் கொடுத்த நம்பிக்கை, கூட்டுச் சேர ஆள், வேலை கற்றுத்தர ஆள். சகோதர மூலதனம் என்று அதற்குப் பெயர் வைத்தார். அதே கம்பெனியில் அதே அளவு வியர்வை சிந்திய தலித்துகளுக்கும் பெண்களுக்கும் அந்தச் சகோதரத்துவத்தில் இடம் இருக்கவில்லை.

நம் ஆட்களும் உழைத்தார்கள். உழைப்புக்குப் பக்கத்தில் உட்காரவேண்டிய அறிவு நம் பக்கம் வரவில்லை.

ஓரத்தில் நிற்பவன் நடுவுக்கு வருவது எப்படி?

மனிதர்கள் தொழிலை எப்படிக் கற்கிறார்கள் என்பதை உலகம் முழுக்க ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றில் நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் என்ற இருவர் 1991இல் எழுதிய சிறு நூல். மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையல்காரர்களிடம் தொழில் பழகும் பையன்களை லேவ் கூடவே இருந்து கவனித்தார். அங்கே வகுப்பும் இல்லை, தேர்வும் இல்லை. பையன் முதலில் பித்தான் வைக்கிறான், ஓரம் மடித்துத் தைக்கிறான். பிறகு துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிறான். கடைசியில்தான் துணி வெட்டக் கற்கிறான். வெட்டும்போது கை தவறினால் துணியே வீண். ஓரம் மடிக்கும்போது தவறினால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். அந்த வரிசையில் அவ்வளவு யோசனை இருக்கிறது.

லேவும் வெங்கரும் சொன்ன முடிவு எளிமையானது. கற்பது என்பது தலைக்குள் தகவலை நிரப்புவது இல்லை. ஒரு தொழில் கூட்டத்தின் ஓரத்தில் இடம் பெற்று, கொஞ்சம் கொஞ்சமாக அதன் நடுவுக்குப் போவது. ஓரத்தில் நிற்பவனுக்கும் "இவன் நம் ஆள்" என்ற ஏற்பு வேண்டும். நடுவில் நடப்பது அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அதே நூலில் இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் பெரிய கடைகளில் இறைச்சி வெட்டப் பழக வந்த இளைஞர்களை ஒரு மூலையில் பொட்டலம் கட்ட உட்கார வைத்தார்கள். தேர்ந்தவர்கள் இறைச்சி வெட்டும் இடம் அவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. பொட்டலம் கட்டுவதில் அவர்கள் வேகமானவர்களாக ஆனார்கள். வெட்டக் கற்கவில்லை.

இப்போது நம் பகுதிக் கோழிப்பண்ணையை நினைத்துப் பாருங்கள். இருபது வருடமாகக் கொட்டகை கூட்டி, எரு அள்ளி, முட்டை பொறுக்கும் ஓர் அக்காவுக்குக் கோழியின் நடையைப் பார்த்தே நோய் தெரியும். ஆனால் தீவனத்தில் மக்காச்சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவு என்ற கணக்கு அவர் கைக்கு வராது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை வைத்து முதலாளி எப்போது விற்கிறார், எப்போது நிறுத்தி வைக்கிறார் என்பதும் வராது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் யாரைப் பார்த்தால் என்ன ஆலோசனை கிடைக்கும் என்பதும் வராது. அவர் இருபது வருடம் பொட்டலம் கட்டும் மூலையிலேயே இருந்திருக்கிறார்.

"சாமி" என்று அழைத்துவிட்டு எப்படிக் கேட்பது?

கேட்டுக் கற்க வேண்டுமானால் கேட்கும் உரிமை வேண்டும். கொங்குப் பகுதியில் நம் பெரியவர்கள் நிலக்காரரை "சாமி" என்றும் "எசமான்" என்றும் அழைத்துப் பழகியவர்கள். வயதில் பேரன் போன்ற பையனையும் அப்படி அழைத்தவர்கள் உண்டு. பண்ணையத்தில் ஆளாக இருந்தவருக்கு "சரிங்க சாமி" என்ற ஒரே வாக்கியம்தான் பாதுகாப்பான வாக்கியம். "ஏனுங்க இப்படிச் செய்யறீங்க?" என்று கேட்டால் அது அறிவைத் தேடும் கேள்வியாகப் பார்க்கப்படவில்லை. எதிர்த்துப் பேசியதாகப் பார்க்கப்பட்டது.

இந்தப் பழக்கம் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நம் பிள்ளைகளோடு கூடவே வருகிறது. வகுப்பில் புரியாவிட்டால் கை தூக்க மாட்டார்கள். அலுவலகத்தில் படிவத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்காமல் திரும்பி வருவார்கள். இதைக் கூச்சம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். கேள்வி கேட்டால் அடி விழும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட உடம்பின் எச்சரிக்கை அது. அதை மாற்ற ஒரே வழி, கேட்டால் மரியாதையாகப் பதில் வரும் இடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுதான்.

நெருங்கியவரும் அறிந்தவரும்

"எங்க சொந்தத்தில் எல்லோரும் ஒற்றுமையாத்தான் இருக்கோம்" என்று சிலர் சொல்லலாம். ஒற்றுமை தேவை. ஆனால் செய்தி விஷயத்தில் ஒற்றுமை மட்டும் போதாது. இதை 1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டனில், புதிதாக வேலை மாறியவர்களிடம் அவர் விசாரித்தார். தெரிந்த ஒருவர் மூலமாக வேலை கிடைத்தது என்றவர்களிடம், "அந்த நபரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்க்கும் ஆள் மூலம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் 17 சதவீதம் அளவுக்குத்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 56 சதவீதம். அபூர்வமாகத்தான் பார்ப்போம் என்றவர்கள் 28 சதவீதம்.

காரணம் யோசித்தால் புரியும். நமக்கு நெருங்கியவர்கள் நம்மைப் போலவே அதே தெருவில், அதே வேலையில் இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். அரைகுறையாகத் தெரிந்தவர் வேறு வட்டத்தில் இருக்கிறார். புதுச் செய்தி அவரிடம்தான் இருக்கிறது. லிங்க்டுஇன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்து, 2022இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே உறுதி செய்தது. மிக நெருங்கிய தொடர்புகளைவிட, ஓரளவு அறிமுகமான தொடர்புகள்தான் புது வேலைக்கு அதிகம் உதவின.

நெருங்கிய வட்டம் சில நேரம் காலைக் கட்டவும் செய்யும். மும்பை தாதர் பகுதிப் பள்ளிகளை ஆராய்ந்து கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வெய்க் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2006இல் எழுதினார்கள். உழைக்கும் சாதிகளைச் சேர்ந்த ஆண்பிள்ளைகளுக்கு ஆலை வேலை வாங்கித் தர சாதி வட்டம் இருந்தது. அதனால் பெற்றோர் அவர்களை மராத்தி வழிப் பள்ளியிலேயே தொடர்ந்து சேர்த்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு அப்படி வேலை வாங்கித் தரும் வட்டம் இல்லை. அதனால் ஆங்கில வழிப் பள்ளிக்கு அவர்களை அனுப்பத் தயங்கவில்லை. பொருளாதாரம் மாறியபோது அந்தப் பெண்கள் புது வேலைகளுக்குத் தயாராக இருந்தார்கள். நம் ஊரில் "அண்ணன் இருக்கிற பட்டறையிலேயே சேர்ந்துக்க" என்று பத்தாவதோடு நிறுத்தப்படும் தம்பிகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு பூங்காவில் கிடைத்த அறிமுகம்

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அவர் அமெரிக்காவில் படித்தது நமக்குத் தெரியும். அங்கே போகும் கதவு எப்படித் திறந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

பம்பாயில் சர்னி சாலைப் பூங்காவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த சிறுவன் பீமாராவைக் கவனித்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற ஆசிரியர். வேறு சாதிக்காரர், எழுத்தாளர். பீமாராவ் தேர்வில் வென்றதைப் பாராட்டி நம் மக்கள் ஒரு கூட்டம் நடத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் தான் எழுதிய புத்தர் வரலாற்று நூலைக் கேலுஸ்கர் பரிசளித்தார். பரிசோடு அவர் நின்றுவிடவில்லை. கல்லூரிப் படிப்புக்குப் பணம் இல்லாத நிலை வந்தபோது, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் பீமாராவைப் பற்றி எடுத்துச் சொன்னார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1913இல் அதே பரோடா அரசின் உதவியோடு அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் வெற்றியைக் கொண்டாடக் கூட்டம் போட்டது நம் சொந்த மக்கள். அந்தக் கூட்டத்தில் இருந்து மன்னரின் அரண்மனை வரை செய்தியைக் கொண்டுபோனது வெளி வட்டத்து மனிதர். சொந்த மக்களின் கூட்டம் பிள்ளைக்குத் தெம்பு கொடுத்தது. வெளி மனிதரின் அறிமுகம் வழி காட்டியது. இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தால், ஈடு இணையற்ற அந்த அறிவு பள்ளிப் படிப்போடு நின்றிருக்கவும் கூடும்.

நம் முன்னோர் கட்டிய வலை

வெளியில் இருந்து ஒரு கேலுஸ்கர் வருவார் என்று காத்திருந்தவர்கள் அல்ல நம் முன்னோர். தாங்களே வலை பின்னினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் இருந்து "ஒரு பைசாத் தமிழன்" வார இதழைத் தொடங்கினார். பிறகு அது "தமிழன்" ஆனது. அந்த இதழும் அவருடைய சாக்கிய பௌத்த சங்கமும் சென்னையோடு நிற்கவில்லை. கோலார் தங்கவயல், பெங்களூரு, ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று நம் மக்கள் பிழைப்புக்குப் போன இடமெல்லாம் போய்ச் சேர்ந்தன.

தங்கவயலை மட்டும் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் இருந்து தலித் மக்கள் ஆயிரக்கணக்கில் சுரங்க வேலைக்குப் போன இடம் அது. நிலத்துக்கு அடியில் உடம்பை வருத்தும் வேலை. ஆனால் அங்கே மாதச் சம்பளம் இருந்தது, பண்ணையார் இல்லை. அந்த இடைவெளியில் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் சங்கம் வைத்தார்கள், இதழுக்குச் சந்தா கட்டினார்கள், கேள்வி எழுதி அனுப்பிப் பதில் பெற்றார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னாளில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலில் இருந்து "தமிழன்" இதழை மீண்டும் கொண்டுவந்தார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கிக் காப்பாற்றியது. இன்று பல்கலைக்கழகங்களில் அயோத்திதாசர் பற்றி ஆய்வுப் பட்டம் வாங்குகிறார்கள் என்றால், அதற்கு அந்தச் சுரங்கத் தொழிலாளர்களும் ஒரு காரணம்.

நம் மாவட்டத்தில் பெருந்தொகையாக வாழும் அருந்ததிய மக்களுக்கும் இப்படி ஒரு முன்னோடி உண்டு. எல்.சி. குருசாமி சென்னையில் அருந்ததியர் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார். 1920களில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தார். பகலில் வேலைக்குப் போகிற பிள்ளை இரவில் படிக்கட்டும் என்ற அந்த யோசனை, இன்றைக்கு ஊர் ஊராக நடக்கும் அம்பேத்கர் இரவுப் பாடசாலைகளில் தொடர்கிறது.

செய்தி யார் காதில் முதலில் விழுகிறது?

பழைய வலையைப் பேசினோம். இன்றைய வலைக்கு வருவோம். அரசு ஒரு திட்டம் அறிவிக்கிறது. அது எருமப்பட்டி ஒன்றியத்தின் கடைசித் தெருவுக்கு எப்படி வருகிறது? பெரும்பாலும் ஊர்ப் பக்கம் உள்ள சில "முக்கியஸ்தர்கள்" காதில் முதலில் விழுகிறது. அங்கிருந்து அவர்கள் சொந்தத்துக்குப் போகிறது. நம் தெருவுக்கு வரும்போது கடைசித் தேதி முடிந்திருக்கும்.

கர்நாடகக் கிராமங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, அருண் சந்திரசேகர், மேத்யூ ஜாக்சன் ஆகியோர் இதை ஆராய்ந்தார்கள். நுண்கடன் திட்டம் பற்றி ஒரு கிராமத்தில் முதலில் யாரிடம் சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்தே, அந்த ஊரில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது மாறியது. 2013இல் வந்த ஆய்வு அது. அதன் பிறகு 213 கிராமங்களில் இன்னொரு சோதனை செய்தார்கள். "உங்கள் ஊரில் ஒரு செய்தியைச் சொன்னால் எல்லோருக்கும் பரப்பிவிடுகிறவர் யார்?" என்று ஊர்க்காரர்களிடமே கேட்டார்கள். அப்படி அடையாளம் காட்டப்பட்டவர்களிடம் சொன்ன செய்தி, மற்றவர்களிடம் சொன்னதைவிட அதிகப் பேரைச் சென்றடைந்தது.

நம் ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒருவர் உண்டு. பெட்டிக்கடை அக்காவாக இருக்கலாம், மகளிர் குழுத் தலைவியாக இருக்கலாம், நூறு நாள் வேலைக்கு ஆள் கூட்டிப் போகிறவராக இருக்கலாம். தாட்கோ கடன், கல்வி உதவித்தொகை, அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் என்று எந்தச் செய்தி வந்தாலும் முதலில் அவர் காதுக்குப் போக வேண்டும். 2023இல் வந்த அந்தத் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் தொழில் தொடங்க 35 சதவீத மூலதன மானியம் உண்டு. வாங்கக்கூடிய எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நம் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

அறிமுகம் உரிமைக்கு மாற்று அல்ல

இதைப் படித்துவிட்டு, "பழக்கம் பிடித்தால் போதும், முன்னேறிவிடலாம்; இடஒதுக்கீடு எதற்கு?" என்று யாராவது கேட்கலாம். அவர்களுக்கு ஒரு பதில். சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் ஆகியோர் 2005 அக்டோபர் முதல் 66 வாரங்கள், நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 100 என்றால், தலித் பெயருக்கு 67 என்ற அளவில்தான் இருந்தது. முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவு. விளம்பரம் செய்து, எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்த வேலைகளின் கதை இது. "தெரிஞ்ச பையன் இருந்தாச் சொல்லுங்க" என்று வாய்வழியாக நிரப்பப்படும் வேலைகளுக்கு நம் பிள்ளைகள் விண்ணப்பம்கூட அனுப்ப முடியாது.

"தெரிஞ்ச பையன்" என்பதும் ஓர் இடஒதுக்கீடுதான். அதற்குச் சட்டம் இல்லை, சதவீதம் இல்லை, நீதிமன்ற வழக்கு இல்லை. அதைத் தகுதி என்று அழைக்கிறார்கள். அரசு தரும் 18 சதவீதமும், அதற்குள் அருந்ததியருக்கு 2009இல் வந்த 3 சதவீத உள்ஒதுக்கீடும் இந்த எழுதப்படாத ஒதுக்கீட்டுக்கு முன்னால் சிறியவை. உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டு 1இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நமக்குப் பலம். அந்தப் பலத்தால் உள்ளே போகும் முதல் தலைமுறை, பின்னால் வருகிறவர்களுக்கு வழி சொல்லும் வட்டமாக மாற வேண்டும். உரிமையால் திறந்த கதவை அறிமுகத்தால் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

மாணவர்களுக்கு முதலில். உங்கள் தெருவுக்கும் சொந்தத்துக்கும் வெளியே, நீங்கள் ஒரு சந்தேகம் கேட்டால் பதில் சொல்லக்கூடிய பத்துப் பேரின் பெயரை நோட்டில் எழுதிப் பாருங்கள். பழைய ஆசிரியர், நூலகர், விடுதியில் மூத்த மாணவர், வங்கி ஊழியர், கிராம செவிலியர் என்று யாராகவும் இருக்கலாம். பத்து வராவிட்டால், இந்த ஆண்டின் வேலை அதை நிரப்புவதுதான். போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்குப் போங்கள். கட்டணம் இல்லை. பாடத்தோடு, உங்களைப் போலவே தேடிக்கொண்டிருக்கும் வேறு ஊர்ப் பிள்ளைகளின் அறிமுகமும் அங்கே கிடைக்கும்.

ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு இன்னொன்று. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு உண்டு. பட்டறையின் நடுவுக்குப் போகச் சட்டம் தந்த வழி அது. பழகுநராகச் சேரும்போது, எல்லாப் பிரிவிலும் நின்று பழக உங்களுக்கு வாய்ப்பு தருகிறார்களா என்று கேளுங்கள். கூட்டிப் பெருக்கும் வேலையோடு நிறுத்தினால் அது பயிற்சி ஆகாது.

வேலையில் இருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும். ஊரை விட்டுப் போனதும் தெருவை மறந்துவிடுவது சிலருக்கு வலி தரும் நினைவுகளில் இருந்து தப்பும் வழி, அது புரிகிறது. ஆனாலும் மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் இரவுப் பாடசாலையில் உட்கார்ந்து, "நான் இப்படித்தான் விண்ணப்பித்தேன், இங்கேதான் தடுமாறினேன், இவரைப் பார்த்தேன்" என்று சொன்னால் போதும். 2005இல் புனேவில் தொடங்கிய தலித் தொழில் வர்த்தக சபை செய்வதும் அதுதான். தொழில் செய்யும் நம் ஆட்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்கிறது.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. திட்ட அறிவிப்பை அலுவலகச் சுவரில் ஒட்டுவதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. எங்கள் தெருவில் அனைவருக்கும் சொல்லக்கூடியவர் யார் என்று எங்களிடம் கேளுங்கள். அவரிடம் வந்து சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விக்கு உட்காரவைத்துப் பதில் சொல்லுங்கள்.

இந்த வாரம் உங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். மதிப்பெண் என்ன என்று கேட்க வேண்டாம். "உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரிந்தவர் ஒருவரின் கைப்பேசி எண்ணைத் தேடி வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.